இலவசமாகச் சேரலாம், சரி, எடுத்துப்போக முடியுமா?

ஆன்லைன் படிப்புகளை வடிவமைப்பது என் வேலை. எந்த வாரம் என்ன பாடம், வீடியோ எவ்வளவு நீளம், கேள்விகள் எங்கே வரவேண்டும் என்று பேராசிரியருடன் உட்கார்ந்து பிரித்து அடுக்கவேண்டும். முதல் கூட்டத்தில் எல்லோரும் கேட்பது, எத்தனை ஆயிரம் பேர் சேருவார்கள் என்பதைத்தான். படிப்பு முடிந்த மறுநாள் மாணவர் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் அபூர்வம். என்னைக் கேட்டால், ஒரு படிப்பு உண்மையிலேயே திறந்ததா என்பது அந்த மறுநாள்தான் தெரியவரும்.

2008-ல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் ஒரு படிப்பு நடத்தினார்கள். கட்டணம் கட்டிய மாணவர்கள் சுமார் 25 பேர். இணையம் வழியே இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,000-க்கும் மேல். 'மூக்' (MOOC, யாரும் எத்தனை பேரும் சேரக்கூடிய திறந்த ஆன்லைன் படிப்பு) என்ற பெயரே இந்தப் படிப்பை வைத்துத்தான் பிறந்தது. மாணவர்கள் தங்கள் சொந்த வலைப்பதிவுகளில் எழுதினார்கள். நடத்தியவர்கள் அவற்றைத் திரட்டி மடலாக அனுப்பினார்கள். படிப்பு முடிந்தபோது, எழுதியதெல்லாம் எழுதியவர்களிடமே இருந்தது.

2011-ல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்குச் சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ், யுடாசிட்டி என்ற ஆன்லைன் படிப்புத் தளங்கள் எல்லாம் களத்துக்கு வந்துவிட்டன. சேரக் காசு வேண்டாம். ஆனால் வீடியோ, வினாடிவினா, விவாதம் எல்லாமே ஒரே தளத்துக்குள், லாகினுக்கு உள்ளே. தளம் வைத்ததுதான் சட்டம். 2014-ல் அமெரிக்கப் பொருளாதாரத் தடை காரணமாக ஈரான், கியூபா, சூடான் மாணவர்களுக்கு கோர்செரா வாசலை அடைக்க வேண்டிவந்தது. 2016 ஜூனில் அதன் பழைய தளம் மூடப்பட்டபோது பழைய படிப்புகள் பல காணாமல் போயின. எட்எக்ஸ் 2018 கடைசியிலிருந்து பல படிப்புகளில் மதிப்பெண் உள்ள பயிற்சிகளைக் காசு கட்டியவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. 2021-ல் அதையே 80 கோடி டாலருக்கு 2யூ என்ற நிறுவனம் வாங்கியது. அந்த நிறுவனமும் 2024-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

சான்றிதழுக்குக் காசு வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆளை அடையாளம் பார்ப்பதற்கும் தேர்வு நடத்துவதற்கும் செலவு இருக்கிறது. பாடத்தையே பூட்டிவைப்பதுதான் பிரச்சினை.

பூட்டா, திறப்பா என்பதைத் தீர்மானிப்பது உரிமம். 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று கீழே போட்டிருந்தால், காசே வாங்காவிட்டாலும் உங்களுக்குக் கிடைப்பது பார்த்துவிட்டுப் போகும் அனுமதிதான். திறந்த கல்விக்காகப் பாடுபடும் அமெரிக்கர் டேவிட் வைலி ஐந்து உரிமைகளைச் சொல்வார்: வைத்துக்கொள்ள, பயன்படுத்த, திருத்த, இன்னொன்றோடு கலக்க, பிறருக்குக் கொடுக்க. கிரியேட்டிவ் காமன்ஸ் என்பவை, படைத்தவரே தன் படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமங்கள். அவற்றில் இந்த ஐந்தும் எவ்வளவு கிடைக்கும் என்பது நீங்கள் சேர்க்கும் நிபந்தனையைப் பொறுத்தது. நான் பார்த்தவரை ஆசிரியர்களுக்குப் பிடித்தது, 'மாற்றம் கூடாது' என்ற நிபந்தனை. யாராவது பாடத்தைத் திரித்து என் பெயரில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் சட்டத்தின் பார்வையில் மொழிபெயர்ப்பும் மாற்றம்தானே! அந்த ஒரு நிபந்தனையால், உங்கள் பாடத்தைத் தன் மொழியில் வெளியிட நினைக்கும் ஆசிரியர் தடுக்கப்படுகிறார். மாற்ற அனுமதிக்கும் உரிமத்திலும் பாதுகாப்பு உண்டு: மாற்றியவர் மாற்றியதைச் சொல்லவேண்டும், பிடிக்காவிட்டால் உங்கள் பெயரை எடுக்கச் சொல்லலாம். இதை விளக்கினால் பாதிப் பேராவது மனம் மாறுகிறார்கள்.

இன்னொரு நன்மை, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. இதன் அருமை பெர்க்லியில் தெரிந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அந்த வளாகம், 20,000-க்கும் மேற்பட்ட விரிவுரைப் பதிவுகளை 2017-ல் பொதுப் பார்வையிலிருந்து எடுத்து லாகினுக்குள் வைத்தது. வசன எழுத்து (சப்டைட்டில்) முதலிய வசதிகள் இல்லாததால் மாற்றுத்திறனாளிகளால் பயன்படுத்த முடியவில்லை என்று அமெரிக்க நீதித்துறை முந்தைய ஆண்டு கண்டறிந்திருந்தது. சரிசெய்யும் செலவுக்கு அஞ்சி மூடிவிட்டார்கள். பதிவுகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்ததால் வெளியாட்கள் நகலெடுத்து வேறிடத்தில் வைக்க முடிந்தது. இதை வைத்து அணுகல் விதிகளைத் திட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காது கேளாதவருக்கு அந்த வீடியோக்கள் அதற்கு முன்பும் மூடித்தானே இருந்தன? படமெடுக்கும்போதே செய்தால் சின்ன வேலை, இருபதாயிரம் சேர்ந்தபின் செய்தால் மலை.

நடைமுறையில் எல்லாம் இப்படிச் சின்ன வேலைகள்தான். தானாக உருவாகும் வசன எழுத்து தடுக்கிவிழுவது கலைச்சொற்களில்தான், அதாவது மாணவருக்கு மிக முக்கியமான இடத்தில். யாராவது உட்கார்ந்து திருத்தவேண்டும். சமன்பாட்டைப் படமாக ஒட்டினால் பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு அது வெற்றிடம், எழுத்தாகவே போடவேண்டும். ஸ்லைடை பிடிஎஃப்பாக மட்டும் கொடுக்காமல் மூலக் கோப்பையும் கொடுத்தால்தான் இன்னொருவர் திருத்த முடியும். எல்லாவற்றையும்விடத் தலைவலி, ஸ்லைடுகளுக்குள் இருக்கும் பிறர் படங்கள். பாடநூலிலிருந்து வெட்டி ஒட்டிய வரைபடம் வகுப்பறைக்குள் ஓடிவிடும். ஆனால் அதற்கு உரிமம் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது. முதல் வாரமே பட்டியல் போட்டு மறுபடி வரைந்துவிடுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய நாள் யாருக்கும் அந்தப் பொறுமை இருக்காது.

அப்புறம், கடைசித் தேதிகள். இத்தகைய படிப்புகளில் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட முடிப்பதில்லை. ஒரே ஒரு பாடத்துக்காக வந்து, கேட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அதில் தப்பென்ன? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2001-ல் அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வேர் என்ற பாடத் தளத்தில் இன்றும் பெயர்கூடப் பதியாமல் எந்தப் பாடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். தேர்வுக்குத் தேதி வையுங்கள். பாடத்தை வாரவாரம் பூட்டாதீர்கள்.

மாணவராகச் சேருமுன் மூன்று விஷயம் பாருங்கள். உரிமத்தின் பெயர் எழுதியிருக்கிறதா, டவுன்லோடு உண்டா, படிப்பு முடிந்தபின் பார்க்க விடுவார்களா. ஆசிரியராக இருந்தால் ஒப்பந்தத்தில் 'பிரத்யேக உரிமை' என்ற சொல்லைத் தேடுங்கள். இருந்தால், அதை நீக்கித் தரும்வரை கையெழுத்துப் போடவேண்டாம். அந்தச் சொல்லோடு கையெழுத்துப் போட்டால், உங்கள் பாடத்தை வேறிடத்தில் வைக்க நீங்களே அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.