வீர ஆராதனையா, ஆட்டக்காரர் பித்தா?

2023இல் தென்னாப்பிரிக்கா ரக்பி உலகக் கோப்பையை வென்றதிலிருந்து டர்பன் கிறிஸ்தவர்களிடையே ஒரு பேச்சு ஓயவில்லை: ஆட்டக்காரர்களைத் தலையில் வைத்து ஆடுவது விக்கிரக வணக்கம் ஆகாதா? நல்ல கேள்விதான். ஆனால் அதைத் தமிழில் எழுதுகிறவர்கள் இந்த மோகத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘ஹீரோ வொர்ஷிப்’பை ‘வீர ஆராதனை’ ஆக்கிவிடுகிறார்கள். தமிழ்ப்பற்று கொஞ்சம் கூடியவர்கள் ‘வீர வழிபாடு’ என்கிறார்கள். இரண்டும் சரியில்லை.

ஆராதனை வடசொல், தெய்வத்தை மகிழ்விப்பது என்று பொருள். கோயிலில் தீபாராதனை, சபையில் ஞாயிறு ஆராதனை. வழிபாடு தமிழ், ஒருவர் வழியில் நிற்பது அதன் அடிப்படை. ஆங்கில ‘வொர்ஷிப்’போ தகுதி, மதிப்பு என்ற பொருளில் பிறந்தது. இந்த நாட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் ‘யுவர் வொர்ஷிப்’ என்றுதான் அழைக்கிறார். அதை ‘ஆராதனைக்குரியவரே’ என்று யாராவது தமிழாக்குவார்களா?

‘வீர வழிபாடு’ என்பதற்குத் தமிழில் ஏற்கெனவே சொந்தக்காரர் உண்டு. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டு, அந்தக் கல்லையே கடவுளாகப் பரவினார்கள், அதாவது தொழுதார்கள். அதைவிட்டால் நெல் தூவிப் பரவ வேறு கடவுளும் இல்லை என்கிறது புறநானூற்றின் 335ஆம் பாட்டு. அங்கே யானையை வீழ்த்திச் செத்தவன் இருக்கிறான். இங்கே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். மறுநாள் விளம்பரத்திலும் வருவார். மட்டையைத் தொட்ட எல்லோரையும் ‘வீரர்’ ஆக்கிய பத்திரிகைகள்தான் இந்தக் குழப்பத்துக்கு விதை போட்டவை. ஆட்டக்காரர் என்ற நல்ல சொல்லுக்கு என்ன குறை வந்தது?

‘வீர ஆராதனை’ இன்னும் மோசம். ரசிகர் செய்வது ஆராதனையா இல்லையா என்பதுதானே கேள்வி? கேட்கிற சொல்லிலேயே பதிலைத் திணித்துவிட்டால் பிரசங்கியாருக்கு என்ன வேலை? தமிழ் வேதாகமம் இந்த இடத்தில் கவனமாகவே இருக்கிறது. சாத்தானுக்கு இயேசு சொன்ன பதிலில் பணிந்துகொள்வது ஒன்று, ஆராதனை செய்வது இன்னொன்று. மூலத்திலும் அவை இரண்டு சொற்கள். இந்த நிதானம் இன்றைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு இல்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். 1995இல் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் ரக்பி உலகக் கோப்பையை வென்றதும் நம் அணியினர் மைதானத்திலேயே முழங்காலிட்டு ஜெபித்தார்கள். அதை ஆராதனை என்றால், சுற்றி நின்ற கூட்டத்தின் ஆரவாரத்துக்கும் அதே பெயரா?

பித்து என்பதே பொருத்தம்: ஆட்டக்காரர் பித்து. பித்து பிடிக்கும், தலைக்கேறும், தெளியும். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்த ஹான்சி குரோன்யே ‘இயேசு என்ன செய்வார்’ என்று நினைவூட்டும் பட்டையைக் கையில் கட்டியவர். 2000இல் சூதாட்டத் தரகர்களிடம் பணம் வாங்கியது வெளியே வந்தது. அன்று பலருக்குப் பித்து தெளிந்தது என்றால் யாருக்கும் புரியும். ஆராதனை தெளிந்தது என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், எதையாவது தொழவேண்டும் என்று மனிதனுக்குள் இருக்கும் ஏக்கம். அதைத் ‘தொழும் வாஞ்சை’ என்று எழுதலாம். தனித்தமிழ் பார்க்கிறவர்கள் வேட்கை என்பார்கள். எழுதட்டும். 42ஆம் சங்கீதத்தில் மான் நீரோடையை வாஞ்சித்துக் கதறுவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு வேட்கை ஒட்டாது.