மைத்ரியில் நாளைக்கு எவ்வளவு காற்று?

கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “தங்கச்சி பையன் அண்டார்க்டிகாவில் இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்தில் இருக்கிறான். போனில் அந்த இடத்தைத் தொட்டால் மணிக்கு மணி காற்று வேகம் காட்டுகிறது. நம்ம ஏற்காட்டுக் காற்றையே ஒழுங்காகச் சொல்லாத ஆப் அது. நம்பலாமா?”

பாதி நம்பலாம். எந்தப் பாதி என்று பார்ப்போம்.

ஆப் காட்டும் எண் ‘வானிலை மாதிரி’ என்கிற கணினிக் கணக்கிலிருந்து வருகிறது. அது உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்போதைய வெப்பம், அழுத்தம், ஈரம், காற்று எல்லாம் கொடுத்து, அடுத்த சில நிமிடங்களைக் கணக்கிட்டு, அப்படியே நாள் கணக்கில் தள்ளிக்கொண்டு போகும். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் உலக மாதிரியில் ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ. சேலம் டவுனும் ஏற்காடு ஏரியும் அதில் இரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். நடுவில் உள்ள 20 கொண்டை ஊசி வளைவும் ஒரே சாய்தளமாகிவிடும். ஏற்காட்டுக் காற்று தப்பிப்போக அதுவே போதும்.

அண்டார்க்டிகாவில் இன்னொரு சிக்கல், தகவல் பஞ்சம். நான்கு இந்தியாவைவிடப் பெரிய நிலத்தில் வானிலை அளக்கப் பலூன் விடும் நிலையங்கள் மிகச் சில, அவையும் பெரும்பாலும் கரையோரம். நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்களுக்குத் துருவம் தெரிவதில்லை. துருவங்களுக்கு மேலாகச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள்தான் ஓரளவு ஈடுகட்டுகின்றன. அதனால் அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் உருவாகிவரும் பெரிய புயல்களை இரண்டு மூன்று நாள் முன்பே நன்றாகப் பிடிக்கிறார்கள். நம்பக்கூடிய பாதி இது.

மீதிப் பாதி, நிலமே உண்டாக்கும் காற்று. எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். மார்கழியில் மேகமில்லாத ராத்திரி ஏற்காட்டுச் சேர்வராயன் மலைச்சரிவு வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. சமதரையாக இருந்தால் அது அப்படியே படுத்துக்கிடக்கும். சரிவில் அப்படி முடியாது: அதே உயரத்தில், சரிவை விட்டுத் தள்ளி இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவும் லேசாகவும் இருப்பதால், கனத்த காற்று அடிவாரத்தை நோக்கி வழிகிறது. வெயில் வந்தால் நின்றுபோகும்.

அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் அந்த ராத்திரி மாதக்கணக்கில் நீளும். குளிர்காலத்தில் பனித்தரையைவிட, சில நூறு மீட்டர் மேலே உள்ள காற்று 20 டிகிரிகூட அதிக வெப்பமாக இருக்கும். உள்நாட்டில் கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டர் சரிவுதான், ஆனால் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொடர்கிறது. வழியும் காற்று பூமியின் சுழற்சியால் இடப்பக்கம் ஒதுங்கி, பனிப் பள்ளங்களில் ஒன்றுசேர்ந்து, கரையோரச் செங்குத்தில் பாய்ந்து இறங்குகிறது. 1912 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஆய்வுப் பயணி டக்ளஸ் மாசனின் குழு நல்ல வானிலையில் அண்டார்க்டிகாக் கரையில் டெனிசன் முனையில் இறங்கிக் குடிசை போட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அங்கே ஆண்டு சராசரிக் காற்றே மணிக்குச் சுமார் 80 கி.மீ.! பல திசைக் குளிர்காற்று ஒன்றுகூடும் வாய்க்கு நேரே அந்த இடம் இருக்கிறது என்பதை 1980களில் கணினி மாதிரிகள் காட்டின.

இந்தக் காற்றைக் கணிக்க ஏன் இவ்வளவு பாடு? முதலில், அதன் வேகம் உச்சமடைவது தரையிலிருந்து சில பத்து மீட்டர் முதல் இருநூறு மீட்டருக்குள். மாதிரியில் அந்த உயரத்துக்குக் கிடைப்பது சில அடுக்குகள்தான். இரண்டாவது, காற்று வேகமெடுத்தால் மேலே உள்ள வெப்பக் காற்றைக் கலக்கிக் கீழே கொண்டுவரும், கனம் குறையும், வேகம் தளரும், மறுபடி குளிரும். இந்தக் கலக்கலைப் பல மாதிரிகள் அளவுக்கு மீறிச் செய்துவிடுகின்றன. கட்டத்துக்குள் சரிவும் மழுங்கிவிடுவதால், பலமான காற்று குறைத்தே காட்டப்படுகிறது. இதற்கெல்லாம் மேல், சரிவு முடியும் இடத்தில் ஓட்டம் திடீரெனத் தடித்து வேகம் இழக்கும். அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் சூறாவளி, இந்தப் பக்கம் அமைதி. மாசனின் ஆட்கள் காற்றே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, மேலே சரிவில் அது உறுமுவதைக் கேட்டிருக்கிறார்கள். மாதிரி இந்த எல்லையை ஐந்து கி.மீ. தள்ளிப்போட்டால் கணிப்பு முழுக்கத் தப்பு.

2018இல் ஐரோப்பா அனுப்பிய ஏயோலஸ் செயற்கைக்கோள், லேசரால் காற்றை நேரடியாக அளந்தது. மேலடுக்குக் கணிப்பில் துருவங்களுக்கு நல்ல பலன். 2023இல் அதன் ஆயுள் முடிந்தது. தரையருகே அளக்கக் காற்றுமானி பொருத்திய கம்பங்கள்தான் வேண்டும், அவற்றைப் பராமரிக்க ஆண்டுதோறும் காசு வேண்டும். ஒரு காற்றுமானியைத் திறந்துவைக்க எந்த அமைச்சரும் வரப்போவதில்லை, அதுதான் பிரச்சினை. மாதிரியின் பிழையையாவது தினமும் அளந்து வெளியிடுகிறார்கள். சித்திரையில் பஞ்சாங்கம் சொன்ன மழையை வருஷக் கடைசியில் யார் சரிபார்க்கிறார்கள்?

சரி, உங்கள் மருமகன் விஷயம். மைத்ரிக்கு வடக்கே கடலில் தாழ்வழுத்தம் நகரும் நாள்களில் பனிப்புயல் வரும் என்று ஆப் சொன்னால் நம்புங்கள். வானம் தெளிந்த குளிர்கால நாளில் அது காட்டும் வேகத்தைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கு என்று திசை சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். இன்னொன்று, அந்த எண் ஒரு முழுக் கட்டத்தின் சராசரி, தரைக்கு 10 மீட்டர் மேலே. திடீர் வீச்சு அதைவிடக் கூடுதலாக இருக்கும். இந்திய வானிலைத் துறை மைத்ரியிலேயே காற்றை அளக்கிறது. அங்கே அளந்ததை மருமகனிடம் வாரம் ஒருமுறை கேட்டு வாங்கி, ஆப் சொன்னதோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குளிர்காலம் முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.