பழைய வண்டிக்குக் கியர் ஆயில் மாற்றலாமா?

அமெரிக்காவில் 1999 மாடல் ஹோண்டா சிஆர்-வி ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வண்டி ஒன்றரை லட்சம் மைல் தாண்டிவிட்டது. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாம் என்றிருக்கிறேன். பழைய வண்டிக்குப் புது ஆயில் ஊற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?”

கியர் ஒழுங்காக விழுகிறது என்றால் தாராளமாக மாற்றலாம். அந்தச் சிவப்பு ஆயில் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள டார்க் கன்வர்ட்டர் என்ற பாகம் வழியாக இன்ஜினின் சுழற்சியைக் கடத்துகிறது, சூட்டை வெளியேற்றுகிறது, பற்சக்கரங்கள் தேயாமல் காக்கிறது, தன் அழுத்தத்தால் கிளட்சுகளை இயக்குகிறது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. கிளட்சுகளுக்கு வேண்டிய உராய்வை அளந்து கொடுப்பதும் அந்த ஆயில்தான்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கிளட்ச் தகடுகள் ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்கின்றன. வெறும் எஃகுத் தகடு ஒன்று, காகிதம் போன்ற நார்ப்பொருள் ஒட்டிய தகடு ஒன்று என மாறி மாறி அடுக்கியிருக்கும். கியர் மாறும்போது ஆயில் அழுத்தம் இவற்றை நெருக்குகிறது. முதலில் வழுக்கும், அப்புறம் வேக வித்தியாசம் குறையும், முடிவில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சிக்கல் அந்தக் கடைசிக் கணத்தில்தான். நகரும் பரப்பைவிட நிற்கும் பரப்பில் உராய்வு அதிகம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். எனவே வழுக்கல் நிற்கப்போகும் நேரத்தில் பிடி சட்டென்று கூடுகிறது. தகடு ஒட்டுகிறது, விடுபடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. நாற்காலியைத் தரையில் இழுத்தால் கிர்ரென்று அதிர்வதும் இதனால்தான். வண்டியில் இது ஒரு நடுக்கமாகத் தெரியும்.

இதற்கு மருந்தாக ஆயிலில் சேர்ப்பவைதான் உராய்வு மாற்றிகள். இந்த மூலக்கூறின் ஒரு முனை உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும், மறுமுனை நீண்ட கார்பன் சங்கிலியாக வெளியே நீட்டி நிற்கும். நெருக்கமாக அணிவகுத்து எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை இவை அமைக்கின்றன. வேகம் குறையக் குறையத் தகடுகள் நெருங்கி, இந்தப் படலத்தின் மேல்தான் சறுக்குகின்றன. அதனால் நிற்கும் நேரத்தில் உராய்வு ஏறாமல் இறங்குகிறது. பள்ளிப் பாடத்தையே தலைகீழாக்கிவிடுகிறது ஒரு மூலக்கூறு அடுக்கு! எவ்வளவு படித்தாலும் எனக்கு இதில் வியப்பு தீர்வதில்லை. அளவு மீறிச் சேர்த்தால் கிளட்ச் பிடிக்காமலே வழுக்கும். ஆகவே ஹோண்டா வண்டிக்கு அந்த நிறுவனம் சொல்லும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். அன்றைய இசட்-1 ஆயிலுக்குப் பதிலாக இன்று கிடைப்பது டிடபிள்யூ-1.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் இந்த உராய்வு வேலையைச் செய்தது ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய். அதிலுள்ள மெழுகு எஸ்டர்கள் என்ற நீண்ட சங்கிலிச் சேர்மங்கள் அதற்கு வெகு பொருத்தம். 1970இல் அந்தத் திமிங்கிலம் அழியும் உயிரினப் பட்டியலில் சேர்ந்ததும் வேதியியலாளர்கள் மாற்றுப் பொருள்களைத் தேட வேண்டியதாயிற்று. அதே வகை எஸ்டர்கள் ஜோஜோபா என்ற பாலைவனச் செடியின் விதையில் இருப்பதும் அப்போது கவனம் பெற்றது. உராய்வு ஆராய்ச்சிக்கெல்லாம் எதற்கு நிதி என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கார்களுக்காகத் திமிங்கிலங்களைக் கொல்ல வேண்டியதில்லை என்ற நிலை ஆய்வகங்களில்தான் உருவானது.

சூடும் ஆக்சிஜனும் சேர்ந்து இந்த மூலக்கூறுகளை நாளடைவில் சிதைக்கின்றன. புது ஆயில் அவற்றைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். அப்படியானால் நண்பர்களின் பயம் எங்கிருந்து வந்தது? பலரும் கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயிலை நினைக்கிறார்கள். அதற்குள் தகட்டின் நார் கருகியிருக்கும், அதை எந்த ஆயிலாலும் மீட்க முடியாது. எப்படியும் சாகவிருந்த கியர்பாக்ஸின் பழி புது ஆயில் மேல் விழுகிறது. இப்படிப் பிறந்த மூடநம்பிக்கை நல்ல வண்டிகளையும் பழைய ஆயிலிலேயே ஓடவைத்துக் கெடுக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது சமதளத்தில் நிறுத்துங்கள். வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்ட் கட்டாயம், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் சுமார் 3 லிட்டர்தான் வரும். ஏறக்குறைய அதே அளவு டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். வடிந்ததை அளந்து அதே அளவு புது ஆயில் ஊற்றி, எல்லாக் கியரும் விழும்படி கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி வடியுங்கள். பழைய ஆயில் முதல் முறையில் பாதியாகும், இரண்டாம் முறையில் கால் பங்காகும், மூன்றாம் முறையில் 12.5 சதவீதமாகும். அதற்கு மேல் செலவழிப்பது வீண்.

போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் அது இயல்பான தேய்மானம், துடைத்துவிடுங்கள். உலோகத் துண்டுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் போங்கள். புது வாஷர் போட்டு 49 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள். அளவு பார்க்கும் முறையில் ஹோண்டா தனி ரகம்: சூடான வண்டியை அணைத்த சற்று நேரத்திலேயே டிப்ஸ்டிக் என்ற அளவுக் குச்சியைப் பார்க்க வேண்டும், மற்ற பல வண்டிகளுக்கு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அமெரிக்காவில் பல உதிரிபாகக் கடைகள் காசில்லாமலே வாங்கிக்கொள்ளும்.