கைல் ஷூஃபெல்ட்டின் இரண்டு முழங்கால்கள்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், தரைப் பயிற்சி இறுதிச் சுற்று. கனடாவின் கால்கரி நகரத்து கைல் ஷூஃபெல்ட்டும் ருமேனியாவின் மரியன் டிராகுலெஸ்குவும் எடுத்தது ஒரே மதிப்பெண்: 9.787. சமநிலை விதியைப் பார்த்து ஷூஃபெல்ட்டுக்குத் தங்கம் கொடுத்தார்கள். ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் கனடா வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

2007 ஆகஸ்டில், உலகப் போட்டிக்காக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, அதே மனிதருக்கு இரண்டு முழங்காலிலும் எலும்பு முறிந்தது.

பல்டியைப் பார்க்கும்போது நம் கண் சுழற்சியிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் இந்த விளையாட்டில் உடம்பைப் பதம் பார்ப்பது தரையிறங்கும் அந்தக் கணம்தான்.

கணக்கு எளிது. உடல் 2 மீட்டர் கீழே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் தரையைத் தொட்ட பிறகு இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் மடங்கி, உடல் இன்னும் அரை மீட்டர் இறங்கி நின்றால், தரை கொடுக்கும் சராசரி விசை உடல் எடையைப் போல 5 மடங்கு. அதே வேகத்தை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் 21 மடங்கு. உயரமும் எடையும் மாறவில்லை, நிற்க எடுத்துக்கொண்ட தூரம்தான் குறைந்தது. கட்டட வேலையில் கீழிருந்து வீசும் செங்கல்லைப் பிடிப்பவர் கையை அதன் போக்கிலேயே கொஞ்சம் கொண்டுபோய் நிறுத்துவார், பார்த்திருப்பீர்கள். விறைப்பாக நீட்டிப் பிடித்தால் உள்ளங்கை போய்விடும்.

முழங்காலும் அப்படித்தான். மடங்கியபடி இறங்கினால் தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே வேகத்தை வாங்கிக்கொள்ளும். கால் நேராக விறைத்திருக்கும்போது தரை வந்துவிட்டால் தசைக்கு அங்கே வேலையே இல்லை. தொடை எலும்பின் உருண்ட முனைகள் நேராக, முழங்காலுக்குக் கீழே இருக்கும் கணைக்கால் எலும்பின் மேல்தட்டில் போய் இடிக்கும். அந்தத் தட்டுக்கு அடியில் இருப்பது பஞ்சு போலத் துளைகள் நிறைந்த எலும்பு. ஷூஃபெல்ட்டுக்கு முறிந்தது அந்த மேல்தட்டுதான், இரண்டு காலிலும்.

சரி, அவ்வளவு அனுபவமுள்ளவர் காலை மடக்க வேண்டியதுதானே? நேரம் கிடையாது. தரையைத் தொட்ட பிறகு மூளைக்குச் செய்தி போய்த் திரும்புவதற்குள் பெரிய அடி விழுந்து முடிந்திருக்கும். அதனால் தசைகள் காற்றிலேயே, தரை வருவதற்கு முன்பே, தேவையான அளவு இறுகி இருக்க வேண்டும். தரை எப்போது வரும் என்று உடம்பு முன்கூட்டிக் கணிக்கிறது. ஒரு நொடியில் இரண்டு பல்டி என்றால் நொடிக்கு 720 பாகை. கணிப்பு 0.05 நொடி பிசகினாலே உடல் 36 பாகை தள்ளி நிற்கும்.

பின்பக்கப் பல்டியில் இறங்கும் முன் தரை கண்ணில் படும். முன்பக்கமாக இறங்கும்போது படாது. இங்கேதான் எனக்கு அவர்மேல் மலைப்பு. ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாவும் வால்ட் பிரிவில் ஷூஃபெல்ட் என்று அவர் பெயரிலேயே ஒரு தாவல் இருக்கிறது. முதுகுப்பக்கமாக வந்து மேசையைக் கையால் தள்ளி, உடலை நீட்டி ஒரு பல்டி, அதற்குள் பம்பரம் போல இரண்டரைச் சுற்று முறுக்கு. அந்த அரை முறுக்கால்தான் இறங்கும் இடம் கண்ணுக்கு மறைந்துபோகிறது. காற்றில் ஒரு கையை மாற்றி அசைத்தால் உடல் லேசாகச் சாயும். சாய்ந்ததும் பல்டியின் சுழற்சியில் ஒரு பங்கு முறுக்காக மாறும். கைகளை மார்போடு ஒட்டினால் பம்பரம் போல வேகம் பிடிக்கும், விரித்தால் தணியும். விரிக்கும் நேரத்தைச் சொல்லக் கண் உதவாது. உள்காதும் ஆயிரக்கணக்கான முறை செய்த பழக்கமும்தான் துணை.

முறிந்த எலும்பு ஒட்டிவிடும். அதன்மேல் படிந்திருக்கும் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் இல்லை, அது லேசில் ஆறாது. அப்படிப்பட்ட முழங்கால்களோடு, விபத்து நடந்து ஒரு வருடம் முடிவதற்குள், 2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக் தரையில் ஷூஃபெல்ட் ஓடிவந்து எம்பினார். இறுதிச் சுற்றுக்குள் போக முடியவில்லை. அடுத்த வருடம் ஓய்வு பெற்றார்.