வீல் நட்டை ஏறி மிதிக்காதீர்கள்

போன சனிக்கிழமை காலை திருச்சியிலிருந்து பழனிக்குக் கிளம்பிய ஒரு குடும்பம், மணப்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் என் ஒர்க்ஷாப்பில் வந்து நின்றது. சின்ன கார். பின் சீட்டில் பாட்டி, இரண்டு பிள்ளைகள். ஓட்டி வந்த தம்பி இறங்கும்போதே, "ஸ்டீயரிங் ஆடுதுண்ணே, அலைன்மெண்ட் பாக்கணும்" என்றார்.

நான் அலைன்மெண்ட் பக்கமே போகவில்லை. இடது முன்சக்கரத்தின் பிளாஸ்டிக் வீல் கேப்பைக் கழற்றினேன். நான்கு நட்டில் இரண்டைக் காணோம். மூன்றாவது விரலால் சுற்றினாலே சுழன்றது. ஒரே ஒரு நட்டில் தொங்கிக்கொண்டு அந்தச் சக்கரம் நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கிறது.

இரண்டு மாதத்தில் இது எனக்கு மூன்றாவது வண்டி. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் நாள் மாலை பஞ்சர் ஒட்டியிருக்கிறார்கள். "நல்லா ஏறி மிதிச்சுத்தாண்ணே டைட் பண்ணாங்க, நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார் தம்பி. என்னால் பொறுக்க முடியாத பேச்சு இதுதான். ஸ்பேனர் மேல் ஏறி மிதித்ததால் சக்கரம் பத்திரமாக இருக்கும் என்று முக்கால்வாசிப் பேர் நம்புகிறார்கள், ஓட்டுநர்களும் சரி, கடைக்காரர்களும் சரி. அந்த நம்பிக்கை தவறு. ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட்டின், அதாவது நட் ஏறும் மரை போட்ட கம்பியின், முரட்டு பலம் அல்ல. நட் இறுகும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு, திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் ரிம்மை ஹப்போடு (சக்கரம் உட்காரும் இரும்பு நடுப்பகுதி) சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. இரண்டு இரும்பு முகங்களும் நகராமல் ஒட்டி நிற்பது அந்த அழுத்தத்தால்தான். பாவாடை எலாஸ்டிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அளவாக இழுத்தால் கெட்டியாகப் பிடிக்கும், அளவு மீறி இழுத்துவிட்டால் தொளதொளத்துப் போகும், பிறகு பழைய பிடிப்பு வராது. ஸ்டட்டும் அப்படித்தான். எல்லை தாண்டி நீட்டிய ஸ்டட்டில் நட் அப்போதைக்கு இறுக்கமாகத்தான் தெரியும், ஆனால் அடுத்த தடவை அதே ஸ்டட்டை நம்ப முடியாது. மரையும் தின்றுபோகும்.

கணக்கும் சொல்கிறேன். பெரும்பாலான சிறிய கார்களுக்கு வீல் நட் இறுக்கம் ஏறக்குறைய 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும் (ஸ்பேனரின் திருப்பு விசையை அளக்கும் அலகு அது). உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கிறது. வண்டியில் வரும் ஸ்பேனர் 25 சென்டிமீட்டர் நீளம் என்று வைப்போம். 100 நியூட்டன் மீட்டர் வர, அதன் நுனியில் 40 கிலோ எடை அளவுக்கு அழுத்தினால் போதும். 70 கிலோ ஆள் சும்மா ஏறி நின்றாலே 170 தாண்டிவிடும். குதித்தால் எங்கே போகும் என்று பாருங்கள். காற்றழுத்தத்தில் நட்டைச் சுற்றும் ஏர் கன் இன்னும் மோசம். அது எவ்வளவு இறுக்கியது என்பது வைத்து இறுக்கியவருக்கே தெரியாது.

சரி, இவ்வளவு மிதித்தும் இந்தத் தம்பியின் சக்கரம் ஏன் கழன்றது? ஹப் முகத்தில் காய்ந்த சேறும் துருவும் அப்பியிருந்தன. அதைத் துடைக்காமல் ரிம்மை மாட்டி, முதல் நட்டையே முழுசாக மிதித்து இறுக்கியிருக்கிறார்கள். சக்கரம் கோணலாக உட்கார்ந்துவிட்டது. ஸ்பேனருக்கு எல்லாம் இறுக்கமாகத் தெரியும். வண்டி ஓட ஓட அந்த அழுக்கு நசுங்கி, கோணல் நிமிர்ந்து, நட்டெல்லாம் தளர ஆரம்பிக்கும். (தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றால் ஹப் முகம் துருப் பொருக்காகவே இருக்கும். கம்பி பிரஷ் போடாமல் மாட்டவே கூடாது.)

ஆட்டம் எதனால் என்று பிரித்துப் பார்க்கலாம். அலைன்மெண்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒருபுறமாகத் தேயும். பேலன்ஸிங் கெட்டால் 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், 30-ல் தெரியாது. சக்கரம் தளர்ந்தால் 20, 30 வேகத்திலேயே ஆடும். "டக், டக்" என்று ஒரு சத்தம், வேகம் கூடக் கூட அதுவும் விரைவாகும். பிரேக் மிதித்தால் சத்தம் மாறும். பேரிங் போயிருந்தால் சத்தமே வேறு, "ஊம்ம்" என்று ஒரு முனகல், வளைவில் கூடிக் குறையும். நட்டைச் சுற்றித் துருக் கோடு வழிந்திருந்தாலோ, நட் நுழையும் ரிம் துளையின் ஓரத்தில் இரும்புத் தூள் பளபளத்தாலோ சந்தேகமே வேண்டாம். ஆனால் இதெல்லாம் வீல் கேப்புக்குள் மறைந்திருக்கும். கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஜாக்கி வைத்துத் தூக்கி ஆட்டிப் பார்க்கும் வழக்கம் நல்லது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா, பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் மட்டும் ஆட்டமா, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் நட்டில் ஸ்பேனர் வையுங்கள். நட் தளர்ந்திருந்தால் எல்லாப் பக்கமும்தான் ஆடும். அதைப் பார்க்காமல் பேரிங்கை மாற்றிவிட்டு, ஆட்டம் நிற்கவில்லை என்று என்னிடம் வந்தவர் உண்டு.

ஓட்டும்போது சந்தேகம் வந்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். "அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்" என்று தயவுசெய்து போகாதீர்கள். இறங்கிப் பார்த்தால் துளை முட்டை வடிவத்தில் விரிந்திருக்கிறதா, மரை தின்றிருக்கிறதா? நட்டை இறுக்கி ஓட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஸ்டெப்னி மாட்டினாலும் ஸ்டட் கெட்டதுதான். வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

மாட்டும் முறையில் ரகசியம் எதுவும் இல்லை. ஹப்பையும் ரிம்மையும் துடைத்துவிட்டு, எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, ஸ்பேனரை எடுக்காமல் திரும்பக் கழற்றுங்கள். பிறகு எதிரெதிராக, ஐந்து நட் என்றால் நட்சத்திரம் போடுவது போல, லேசாக இறுக்கி, வண்டியை இறக்கிவிட்டு, அதே வரிசையில் டார்க் ரெஞ்ச் (வேண்டிய இறுக்கத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் ஸ்பேனர்) வையுங்கள். "க்ளிக்" என்றதும் கையை எடுங்கள், இன்னொரு தடவை இழுக்காதீர்கள். மரையில் எண்ணெய், கிரீஸ் தடவவே கூடாது. வழுக்கலில் அதே அளவு திருப்பலுக்கு ஸ்டட் கூடுதலாக நீளும். டார்க் ரெஞ்ச் ஒரு டயர் வாங்கும் காசுக்குள் கிடைக்கிறது. அதை வைத்து நட்டைக் கழற்றாதீர்கள், அளவு கெட்டுப்போகும்.

வெளியே அலாய் ரிம் வாங்கி மாட்டுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. நட் உட்காரும் இடம் எல்லா ரிம்மிலும் ஒன்றுபோல் இருக்காது. சிலது கூம்பு, சிலது உருண்டை, சிலது தட்டை வாஷர். ஃபோக்ஸ்வாகன் போலோ, வென்டோ கார்களில் நட்டே கிடையாது, உருண்டைத் தலை போல்ட். அவற்றில் கூம்பு ரிம்மை மாட்டிப் பழைய போல்ட்டையே போட்டால் நூல் அளவு விளிம்பில்தான் பிடித்து நிற்கும். ரிம்மோடு சேர்த்து அதற்கான போல்ட்டையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, எல்லோரும் விட்டுவிடும் வேலை. எந்தக் காரணத்துக்காகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தாலும், நானே மாட்டியிருந்தாலும், 50-லிருந்து 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நட்டைச் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அந்தத் தம்பிக்கு நான்கு ஸ்டட்டும் மாற்றி, துளை விரிந்த ரிம்மை ஒதுக்கி, ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்தேன். "திண்டுக்கல்லுல காபிக்கு நிறுத்துவீங்கல்ல, அங்க ஒரு நல்ல டயர் கடையில டார்க் ரெஞ்ச் வைக்கச் சொல்லுங்க தம்பி" என்று சொல்லித்தான் அனுப்பினேன். அறுபது கிலோமீட்டர் இருக்கும். மத்தியானம் போன் பண்ணினார்.

"அண்ணே, ரெண்டு நட்டு கால் சுத்து ஏறுச்சுண்ணே."

புது ஸ்டட் உட்காரும்போது அப்படித்தான் ஏறும் என்றேன். சாயங்காலம் திரும்பும்போது இங்கே நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார், நானே ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். நான்கிலும் முதல் இழுப்பிலேயே க்ளிக்.