பென் டிரைவ் விளக்கு ஏன் இன்னும் மின்னுகிறது?

முகூர்த்த சீசனில் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஏதாவது ஒரு ஸ்டூடியோவில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். கல்யாணப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். காப்பி முடிந்தது என்று திரை சொல்லும், வாங்க வந்தவர் கையை நீட்டுவார். "பொறுங்கண்ணே, லைட்டு இன்னும் மின்னுது" என்பார் கடைத் தம்பி. அவர் சொல்வதுதான் சரி. அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளம் ஓடினால், தாலி கட்டும் படம் இன்னும் ரேமிலேயே இருக்கக்கூடும்.

ஒரு நிரல் "இதை எழுது" என்றதும் இயங்குதளத்தின் மையமான கர்னல் தரவை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, "ஆச்சு" என்று சொல்லி அனுப்பிவிடும். வட்டில் இறங்காமல் நிற்கும் இந்தத் தரவுக்கு டர்ட்டி பேஜ் என்று பெயர். இயல்பான அமைப்பில் 5 விநாடிக்கு ஒருமுறை பின்னணி வேலை ஒன்று விழித்து, 30 விநாடிக்கு மேல் பழசானவற்றை இறக்கும். கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதத்தை இவை தாண்டினால் நேரம் பார்க்காமல் இறக்கத் தொடங்கும். 20 சதவீதத்தை நெருங்கினால் காப்பி செய்யும் நிரலுக்கே பிரேக் போடும். முதலில் பறக்கிற காப்பி பாதியில் நகர மாட்டேன் என்று அடம்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இறக்கும் ஆளை நாமே பார்க்கலாம். அந்த நேரம் டெர்மினலில், ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை போட்டால் 'கேவொர்க்கர்/யு8:2+ஃப்ளஷ்-8:16' என்பது போல ஒரு வரி வரும். ஒரே ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கம்ப்யூட்டரில் 8:16 என்ற சாதன எண் பெரும்பாலும் செருகிய பென் டிரைவ்தான். கேவொர்க்கர் என்பது கர்னலின் வேலையாள் த்ரெட், அதாவது தனியாக ஓடும் ஒரு நிரல் இழை. 'யு' என்றால் எந்த சிபியூவோடும் கட்டிப்போடாத த்ரெட். கூட்டல் குறி இருந்தால் வேலை நடக்கிறது. கழித்தல் குறி இருந்தால் கடைசியாகச் செய்த வேலை அது.

இப்படித் தள்ளிப்போடும் வேலைகளுக்கு ஏன் தனி த்ரெட்? சாதனம் இன்டரப்ட் என்ற குறுக்கீட்டுச் சைகை அனுப்பியதும் சிபியூ கையில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு அதைக் கவனிக்கப் போகிறது. அந்த நிலையில் ஓடும் கர்னல் நிரல் தூங்கக் கூடாது. வட்டுக்கோ நினைவகத்துக்கோ காத்து நிற்க அதற்கு வழியே இல்லை. அவசரமானதை மட்டும் முடித்து, மீதியை வொர்க் க்யூ என்ற வரிசையில் போட்டுவிட்டு வெளியேறும். கேவொர்க்கர் முழு த்ரெட் என்பதால் வேண்டிய மட்டும் காத்திருக்கலாம். "இந்த இடத்தில் தூங்கலாமா?" என்பதுதான் கர்னல் நிரலில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி என்பேன்.

முன்பெல்லாம் பல வரிசைகள் சிபியூவுக்கு ஒன்று வீதம் தங்களுக்கென த்ரெட்டுகளை உண்டாக்கிக்கொண்டன. சில பெரிய கணினிகளில் பூட் ஆகும்போதே, ஓடும் ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் 32,000 சொச்சம் பிராசஸ் எண்களும் தீர்ந்துபோயின. 2010இல் கர்னல் உருவாக்குநர் டெஜுன் ஹியோ இதை மாற்றி எழுதினார், கர்னலின் 2.6.36 பதிப்பில் வந்தது. இப்போது எல்லா வரிசைகளுக்கும் பொதுவான த்ரெட் கூட்டங்கள் இருக்கின்றன. சிபியூவோடு கட்டிய ஒரு த்ரெட் தூங்கப்போனால், யார் எப்போது ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் தகவல் சொல்லும். காத்திருக்கும் வேலை இருந்தால் மட்டும் அடுத்தது எழும்பும். தேவைக்கு மேல் ஒரு த்ரெட் கூட ஓடாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ரெஸ்க்யூவர் என்ற காப்பாற்றும் த்ரெட். ரேம் நிரம்பிவிட்டது என்று வையுங்கள். இடம் பிறக்க வேண்டுமானால் டர்ட்டி பேஜ்களை வட்டில் இறக்க வேண்டும். இறக்கப் புது த்ரெட் வேண்டும். த்ரெட்டை உண்டாக்க ரேம் வேண்டும்! முடிச்சு இறுகினால் கணினி உறைந்துவிடும். அதனால் இந்த வகை வரிசைகளுக்கு முன்கூட்டியே ஒரு த்ரெட்டை உண்டாக்கி ஒதுக்கி வைக்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் அது சும்மாதான் கிடக்கும். அது இல்லாமல் நினைவக நெருக்கடியிலிருந்து மீள்வதற்கு உத்தரவாதமே கிடையாது.

மதுரைப் பக்கத்துக் கல்லூரி லேப்களில் கர்னல் மாட்யூல் (கர்னலில் செருகிக் கழற்றும் நிரல் துண்டு) எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வேலையை வரிசையில் போடுவது ஒரே வரி. மாட்யூலைக் கழற்றும்போது கேன்சல்_வொர்க்_சிங்க் அழைக்க மறக்காதீர்கள். நேரம் குறித்துத் தள்ளிப்போட்ட வேலையென்றால் அதற்குரிய டிலேய்டு வகையை அழையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடியும்வரை அது காத்திருக்கும். அழைக்காமல் விட்டால், நீங்கள் கழற்றிப்போன பிறகு ஏதோ ஒரு கேவொர்க்கர் அங்கே இல்லாத நிரலுக்குள் குதிக்கும். கர்னல் ஊப்ஸ் என்ற பிழைச் செய்தியோடு அலறும்.