கலர் கார்டு: வண்ணக் காவலா, கொடிக் காவலா?

அருவங்காட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் ஜூலை மாதம் ஒரு சந்தேகத்தோடு வந்தாள். "சித்தப்பா, ஸ்கூல் போர்டுல 'வண்ணக் காவலர் தேர்வு'ன்னு எழுதியிருக்காங்க. பெயிண்ட் டப்பாவுக்கா காவல் நிக்கணும்?"

விஷயம் இதுதான். ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்கு என்.சி.சி.யில், அதாவது தேசிய மாணவர் படையில், 'கலர் கார்டு' (colour guard) அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். யாரோ அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிவிட்டார்கள். நம்மூரில் கலர் என்றால் பெட்டிக்கடை சோடாகூடத்தான். நல்லவேளை, அதற்குக் காவல் போடவில்லை.

படைப் பேச்சில் 'கலர்' என்றால் படைப்பிரிவின் கொடி. வெடிமருந்துப் புகை மூடிய களத்தில் தன் பிரிவு எங்கே நிற்கிறது என்று சிப்பாய்க்குக் காட்டியது அந்தத் துணியின் நிறம். அதனால் நிறமே கொடிக்குப் பெயராகிவிட்டது. கொடி விழுந்தால் பிரிவு சிதறும் என்பதால் தேர்ந்த ஆட்களைச் சுற்றி நிறுத்தினார்கள். பிரிட்டிஷ் படையில் 'கலர் சார்ஜண்ட்' என்ற பதவியே 1813இல் வந்தது. ஸ்பெயின் போர்க்களத்தில் வெலிங்டன் தளபதியாக இருந்த காலம் அது. குன்னூரை ஒட்டி ஜெகதளாப் பக்கம் எழுந்த ராணுவக் குடியிருப்புக்குப் பெயர் கொடுத்தவரும் அதே வெலிங்டன்தான்.

'கலர் கார்டு' அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் மரபில் வந்த நம் படையில் 'கலர் பார்ட்டி' என்பார்கள். இந்தியில் 'நிசான் டோலி'. டோலி என்றால் இங்கே குழு. நிசான் பாரசீகச் சொல், அடையாளம் என்று பொருள். எழுதத் தெரியாதவர் பழைய பத்திரங்களில் போட்ட 'நிசானி'யும் அதுவே.

தமிழர்கள் கொடியை நிறத்தால் அழைத்ததில்லை, அதில் இருந்த உருவத்தால் அழைத்தார்கள்: விற்கொடி, புலிக்கொடி, மீன்கொடி. முருகன்கூட சேவற்கொடியோன்தான். ஆகவே 'வண்ணம்' இங்கே ஒட்டாது. கொடிக்காவல் அணி என்பதே சரி. நிற்பவர் கொடிக் காவலர்.

அப்புறம் 'கேடட்', அதாவது என்.சி.சி.யில் சேர்ந்த மாணவரை அழைக்கும் சொல். தலை என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரான்சின் காஸ்கனி வட்டாரத்தில் 'தலைவன்' என்ற பொருளில் உருவான சொல் இது. அங்கிருந்து படையில் சேர வந்தவர்கள் பெரும்பாலும் பிரபு வீட்டு இளைய மகன்கள். அதனால் 'இளையவன்' என்ற பொருளும், பிறகு 'பயிற்சி பெறுபவன்' என்ற பொருளும் ஏறின. ஊட்டி கோல்ஃப் மைதானத்தில் பை சுமக்கும் 'கேடி'யும் இதன் தம்பிதான். (போலீஸ் பதிவேட்டுக் கேடி வேறு வம்சம்.) தேசிய மாணவர் படை என்று பெயர் வைத்தவர்கள் கேடட்டை அழகாக 'மாணவர்' ஆக்கிவிட்டார்கள். தனியாகச் சொல்லும்போது படைமாணவர் எனலாம்.

தேர்வில் முதலில் பார்ப்பது உயரம். ஏறத்தாழ ஒரே உயரம் இல்லையென்றால் கொடிகள் ஏணிப்படி மாதிரி தெரியும். தேசியக் கொடி, நடக்கும் திசைக்கு வலப்பக்கம். என்.சி.சி.யின் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலக் கொடி அதற்கு இடப்பக்கம். இரு ஓரங்களிலும் துப்பாக்கியோடு காவலர். மரியாதைக்காகப் படைக்கொடி தாழலாம், தேசியக் கொடி தாழவே கூடாது. அணி திரும்பும்போது ஆளாளுக்குச் சட்டென்று பின்பக்கம் திரும்பினால் தேசியக் கொடி இடப்பக்கம் போய்விடும். அதனால் மொத்த வரிசையும் கதவு மாதிரி வளைந்து திரும்பும்.

இதையெல்லாம் மூங்கில் கழியில் துண்டைக் கட்டித்தான் பழகினார்கள். ஜூலைச் சாரலில் துண்டு நனைந்து கழியோடு ஒட்டிக்கொள்ளும், கனம் கூடும், காற்றடித்தால் முகத்தில் அறையும். 'சாவ்தான்' (அசையாமல் நில்) சொன்ன பிறகு அதை விலக்கக் கை எடுக்கக் கூடாது.

தேர்வு முடிந்த அன்று போன் செய்தாள். "செலக்ட் ஆயிட்டேன். ஆனா எனக்குக் கொடி இல்ல சித்தப்பா, காவல்தான்."